கையறி கருவி

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மரக்காணத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனுக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று, இப்பொருளை யான் அறிவித்த அன்றே நம் செயலாளர் அவர்கள் நகைத்தார்கள். நகைத்தது முறையே. யான் நன்னூலும் யாப்பும் கற்பிப்பவன். மின்பொறி நூல் பயின்றவனல்லன். ஆயினும் கையைப் பற்றிப் பேச உப்பளக் கரையிற் பிறந்தவனுக்கு உரிமை இல்லையென்று எவரும் கூறார். கையின் அசைவைக் கண்டு, அதன் கருத்தறிந்து தொழில் செய்யும் பொறிகளைப் பற்றியும், அப்பொறிகளின் கண்ணுக்கு நம்மவர் கை எவ்வாறு தோன்றுகின்றது என்பது பற்றியும் இன்று சில சொல்லப் புகுகின்றேன்.

இப்பொருளில் என் மனம் சென்ற காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன். என் தாயார் முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வூர் அளங்களில் பாத்தி மிதித்தவர், உப்பு வாரியவர். தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் 2020ஆம் ஆண்டில் விரல் ரேகை பதித்துப் பொருள் பெறும் முறை வந்ததை அனைவீரும் அறிவீர். மறு ஆண்டு ஒருநாள் அவரை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். பெருவிரலை வைத்தார், பொறி ஏற்கவில்லை. சுட்டுவிரலை வைத்தார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் மாறி மாறி வைத்தும் அது இவரை இன்னாரென்று ஒப்பவில்லை. கடைக்காரர் நல்லவர், வேறு வழியிற் பதிவு செய்து அரிசியைக் கொடுத்தனுப்பினார். அரிசி கிடைத்தது. எனினும் வீடு வந்து சேருமளவும் என் தாயார் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாரேயன்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

காரணம் நமக்குத் தெரியாததன்று. பாத்தியிற் கட்டிப்பட்ட உப்புநீர் கடல்நீரைக் காட்டிலும் பன்மடங்கு காரமுடையது. அதில் நாளும் கையும் காலும் ஊறினால் தோல் வெடிக்கும். வெடித்த தோல் காய்க்கும். காய்த்த தோலின்மேல் உப்பின் கூர்மணிகளும் பலகையின் பிடியும் ஓயாது உராயும். விரல் நுனியில் இயற்கை வரைந்த வரிகள் அழிந்து வழுவழுப்பாகும். உழைத்து உழைத்தே ஒருவர் தம் அடையாளத்தை இழப்பது இது. பழம் புலவர், புரவலன் இறந்தவழி இரங்கிப் பாடுவதைக் கையறுநிலை என்றனர். கடை வாயிலில் நின்ற அன்று அத்துறையின் பெயர் எனக்குப் புதுப்பொருள் தந்தது.

ஈராண்டு கழிந்தது. என்னிடம் பத்தாம் வகுப்பிற் பயின்று, இப்போது பொறியியற் கல்லூரியிற் படிக்கும் மாணவன் ஒருவன் விடுமுறைக்கு வந்தான். "ஐயா, ஒரு வேடிக்கை காட்டுகிறேன்" என்று தன் கைப்பேசியைத் திண்ணையில் நிமிர்த்தி வைத்து, அதன் ஒளிப்படக் கண்ணுக்கு எதிரே தன் கையை விரித்தான். திரையில் அவன் கைமேல் புள்ளிகள் பல தோன்றின. புள்ளிக்குப் புள்ளி கோடு ஓடியது. விரலை மடக்கினால் கோடும் மடங்கியது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளுவதுபோற் காட்டினான். திரையில் ஒரு படம் பெரிதாயிற்று. தொட்டானில்லை.

அருகில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் தாயாரையும் கை காட்டச் சொன்னான். தயங்கித் தயங்கி நீட்டினார். நீட்டிய கணமே புள்ளிகள் வந்து அவர் கைமேல் அமர்ந்தன! சிறிது நேரம் விரல்களை ஆட்டி ஆட்டிப் பார்த்தவர், என்னை நோக்கி, "ஏம்பா, கடைப் பெட்டி என் கையைக் காணலியே, இது மட்டும் எப்படிக் கண்டுகிச்சு?" என்றார்.

அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இச்சொற்பொழிவு.

விடை இது. கடையில் இருந்த பொறி வினவுவது, "இது யார் கை?" என்பது. அதற்கு வரி வேண்டும். கைப்பேசியில் இருந்தது வினவுவதோ, "இக்கை எவ்வாறு நிற்கின்றது?" என்பது. அதற்கு வரி வேண்டா, வடிவம் போதும். மணிக்கட்டில் ஒன்று, விரலுக்கு நான்காக ஐந்து விரலுக்கு இருபது, ஆக 21 புள்ளிகள். இந்த 21 புள்ளிகளும் எங்கெங்கு உள்ளன என்று கணக்கிடுவதே அதன் தொழில். கூகுள் நிறுவனத்தார் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட மீடியாபைப் என்னும் நிரல் தொகுதியிற் சேர்ந்தது அது. அது முதலில் விரல்களைத் தேடுவதில்லை. விரல்கள் மடங்கியும் விரிந்தும் ஒன்றையொன்று மறைத்தும் மயக்குமாதலின், உருவம் அதிகம் மாறாத உள்ளங்கையை முதலிற் கண்டுபிடிக்கின்றது. அதைப் பற்றிக்கொண்டே பின் விரல்களுக்குச் செல்கின்றது. அவ்வாறு காண அதற்கு யார் கற்பித்தார் எனின், ஏறத்தாழ 30,000 கைப்படங்களில் மனிதரே அமர்ந்து புள்ளி குறித்துக் கற்பித்தனர். கணினியால் வரைந்த செயற்கைக் கைகளையும் கூடக் காட்டினர். அரிச்சுவடி படிக்கும் பிள்ளைக்கு நாம் செய்வதும் இதுதானே? ஓர் எழுத்தைப் பலகால் காட்டுகின்றோம். பின்னர் எவர் கையெழுத்தில் வந்தாலும் அது 'அ' என்று பிள்ளை கூறுகின்றது.

இந்நிலைக்கு வருமுன் பொறியாளர் கடந்த வழி நெடிது. தொடாமற் கையசைத்து இயக்கும் கருவி எனின், உருசிய நாட்டு இயற்பியலார் தெரெமின் 1920ஆம் ஆண்டளவில் அமைத்த இசைக்கருவியையே முன்னோடியாகச் சொல்லலாம். கணினிக்கென வந்தவற்றில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் ரிச்சர்டு போல்ட் என்பார் 1980ஆம் ஆண்டில் காட்டியது பெயர்பெற்றது. சுவர் அளவு திரைக்கு எதிரே நாற்காலியில் ஒருவர் அமர்ந்து, கையாற் சுட்டி, "அதனை அங்கே வை" என்பார். திரையில் உருவம் இடம் பெயரும். சுட்டுச்சொல்லின் இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இச்செய்தி பெரிதும் இனித்தது. 'அது', 'அங்கே' என்னும் சொற்கள் கையின் துணையின்றி நிறைவுறா என்பதைப் பொறியும் உணர்ந்துகொண்டதன்றோ!

அதன் பின்னர்க் கையுறைகள் வந்தன. 1987ஆம் ஆண்டில் வெளியான டேட்டாகிளவ் என்னும் உறையில் விரல்நெடுக ஒளியிழைகள் ஓடும். விரல் மடங்கினால் இழையில் ஒளி குன்றும். குன்றிய அளவைக்கொண்டு மடங்கிய அளவை அறியும். விலை மிகுதி, அணிவதும் தொல்லை. உறையைக் களைந்து வெறுங்கையைக் காணும் முயற்சியிற் பெரும்படி முன்சென்றது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டு நவம்பரில் விற்பனைக்குக் கொணர்ந்த கினெக்ட். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியைப் புள்ளி புள்ளியாக அறையெங்கும் இறைத்து, அவை விழும் முறையைக்கொண்டு தொலைவை அளக்கும். 2013இல் வந்த லீப் மோஷன் என்பது தீப்பெட்டியைவிடச் சற்று நீண்ட ஒரு பெட்டி. மேசைமேல் வைத்தால் இரு கண்களால் தனக்குமேல் இரண்டடி உயரத்திற்குள் அசையும் கைகளைக் காணும். கினெக்ட் 2017இல் உற்பத்தி நின்றுவிட்டது. லீப் மோஷன் 2019இல் வேறு நிறுவனத்தார் கைக்கு மாறிற்று.

நம் நாட்டவர் ஒருவரை ஈண்டுக் குறிப்பிடாமற் செல்லுதல் கூடாது. குசராத்து மாநிலத்துப் பாலன்பூரிற் பிறந்த பிரணவ் மிஸ்திரி, எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராய் இருந்தபோது ஆறாம் புலன் என்னும் பொருள்படும் பெயரால் ஒரு கருவி செய்தார். கழுத்தில் தொங்கும் சிறு ஒளிப்படக் கண்ணும் ஒளிவீச்சியும். விரல் நுனிகளிற் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறக் குப்பிகள். நிறத்தைக் கொண்டு விரலை அறியும் எளிய உபாயம்! இரு கை விரல்களாற் சட்டம்போற் பிடித்தால் நிழற்படம் எடுக்கும். உள்ளங்கையிலேயே எண்பலகையை ஒளியால் வரைந்து அழுத்தச் செய்யும். 2009ஆம் ஆண்டு நவம்பரில் நம் அண்டையிலுள்ள மைசூரில் அதனை அவர் விளக்கிக் காட்டினார். செய்யச் செலவு ஏறத்தாழ 350 டாலர் என்றார். அது கடைத்தெருவுக்கு வரவில்லை. வாராவிடினும், விலையுயர்ந்த உறை இல்லாமல், நிறத்துண்டு ஒட்டிய விரலாலும் இது இயலும் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டியது பெரிதென்பது என் கருத்து.

இனி, குறைகளுக்கு வருகின்றேன். புகழ்ச்சி மட்டும் கேட்க வேண்டுவோர்க்கு விளம்பரத் தாள்கள் உள.

முதலாவது வெயில். அகச்சிவப்பொளியை இறைத்துக் காணும் கருவிகள் வீட்டுக்குள் கூர்ங்கண்ணின, வெட்டவெளியிற் குருடு. சூரியன் அவ்வொளியையே பேரளவிற் பொழிவதால் கருவி இறைத்த சிறிய ஒளி அதில் மூழ்கிவிடும். சித்திரை வெயிலில், வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த பாத்திக்கு நடுவே, வானமும் தரையும் ஒருங்கே கண்ணைக் கூசச்செய்யும் நம் அளத்தில் அவற்றை வைத்தால் என்னாகும்? குளிரறையில் இருந்து கை அசைப்பவரை எண்ணியே அவற்றைச் செய்தார்கள், பிழையென்று சொல்லேன், நம்மை எண்ணவில்லை என்று மட்டும் சொல்வேன். இயல்பான ஒளியிற் காணும் கைப்பேசி முறைக்கு அத்துணை இடர் இல்லை.

இரண்டாவது, வழக்கு வேற்றுமை. மேனாட்டார் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து விரலை மடக்கி ஒருவரை அழைப்பர். நாமோ உள்ளங்கை கீழ்நோக்க அசைத்து 'வா' என்போம். அளத்தின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் இருப்பவரைக் குரல் எட்டாதபோது அழைப்பது அப்படித்தான். அதனைப் 'போ' என்று கொள்ளும் பொறி நமக்கு உதவுமா? மாட்டுச் சந்தைத் தரகரின் கைமொழியோ எப்பொறிக்கும் எட்டாது! துண்டுக்குள் ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசும் அக்கலை, பார்ப்பவர் கண்ணுக்கு மறைப்பதற்கென்றே ஏற்பட்டது. கணினியின் கண்ணுக்கும் அது மறைவே. (மாணவர் நகைக்கின்றனர், உங்கள் பாட்டன்மாரைக் கேளுங்கள்.)

மூன்றாவது குறையை யானே கண்டேன். அதுவே என்னை மிகவும் வருத்திற்று. என் தாயாரின் கையைப் பார்த்த அன்று மாலை, செய்தி கேட்டு அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார். இளமையில் நீரிறைக்கும் இயந்திரத்தின் வாரில் அகப்பட்டு வலக்கைச் சுட்டுவிரலில் இரண்டு கணுக்களை இழந்தவர். அவரும் கையை நீட்டினார். பொறி என்ன செய்தது தெரியுமா? இல்லாத விரலையும் வரைந்தது. வெறும் வெளியிலே நான்கு புள்ளியும் முழுமையாக நின்றன. மாணவன் வெட்கினான், பெரியவரோ, "நாற்பது வருஷமாப் போன விரல் திரும்பி வந்துடுச்சு" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 21 புள்ளி சொல் என்று கற்பிக்கப்பட்ட பொறி, கண்டாலும் காணாவிடினும் 21 சொல்லியே தீரும். காணாததைக் கற்றதைக்கொண்டு இட்டு நிரப்பும். அது கற்ற 30,000 படங்களில் இத்தகைய கைகள் போதுமான அளவு இருந்திருந்தால் இவ்வாறு நேர்ந்திராது.

இவ்விடத்திலே நம் பழஞ்சுவடியை நினைவூட்ட விரும்புகின்றேன். கையின் நிலைகளை எண்ணி, பெயரிட்டு, வகைப்படுத்துவது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை விரித்த அடியார்க்கு நல்லார், ஒற்றைக் கையாற் காட்டும் பிண்டி 33 என்றும், இரு கையும் இணைந்த பிணையல் 15 என்றும் கணக்கிட்டு, பதாகை, திரிபதாகை, கத்தரிகை, முட்டி, கடகம், சூசி எனப் பெயர் நிரலே கூறி, ஒவ்வொன்றிலும் எவ்விரல் நிமிரும், எவ்விரல் முடங்கும், எது எதனைத் தொடும் என்று விளக்குகின்றார். இன்று பொறிக்கு நிரல் எழுதுவோன் செய்வதும் அதுவே. அழகு தோன்றக் காட்டுவது எழிற்கை, தொழில் தோன்றக் காட்டுவது தொழிற்கை, பொருள் தோன்றக் காட்டுவது பொருட்கை என்ற பாகுபாடும் உரையில் உண்டு. கணினி கேட்பது பொருட்கை. இதனால் நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்று யான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வோரைக் கண்டால் எனக்குச் சினமே வரும். எண்ணிப் பெயரிடும் பொறுமை அவர்க்கு இருந்தது. அப்பொறுமை நமக்கும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அப்பொறுமை இக்காலத்தும் சென்னையில் இருந்திருக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ ஃபார் பாரத் குழுவினர் 2020ஆம் ஆண்டில் இந்தியச் சைகைமொழிக்கென ஒரு தொகுப்பை வெளியிட்டனர். காது கேளாதார் வழங்கும் 263 சொற்களுக்கு, சைகையிற் பழகியவர்கள் கையசைக்க, 4,287 நிகழ்படங்கள் எடுத்துத் தொகுத்தது அது. அமெரிக்கச் சைகைக்கும் இந்தியச் சைகைக்கும் வேற்றுமை மிகவுண்டு. அங்குக் கற்ற பொறி இங்கு உதவாது. ஆதலால் இங்குள்ள கைகளையே காட்டினர். சிறிய தொடக்கம்; ஆனால் நேரிய வழி.

இக்கருவியால் நமக்கு என்ன பயன் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கின்றது. விடை சொல்வேன். வீட்டில் அமர்ந்து கையை ஆட்டி விளையாட இது வேண்டுவதில்லை. நெடுநேரம் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் தோள் வலிக்கும் என்பது பலகை பிடித்து உப்பு வாரிய எவருக்கும் புத்தகம் பாராமலே தெரியும். அறிஞர்க்குத்தான் அதை அறியச் சில ஆண்டுகள் ஆயின. 2024ஆம் ஆண்டு பிப்பிரவரியில் ஆப்பிள் நிறுவனத்தார் விற்பனைக்கு விட்ட விஷன் புரோ என்னும் கண்ணணியில், கண்ணாற் பார்த்துவிட்டு, மடிமேற் கிடக்கும் கையின் இரு விரலைச் சேர்த்தாலே போதும் என்று அமைத்துள்ளார்கள். அது அந்த வலி கற்பித்த பாடம்.

உண்மையான பயன் கை தொடக்கூடாத இடத்திலும், தொட இயலாத இடத்திலும் உள்ளது. அறுவை மருத்துவர் கையைக் கழுவித் தூய்மை செய்தபின் எதையும் தொடலாகாது. ஆயினும் நோயாளியின் படத்தைத் திரையிற் புரட்டிப் பார்க்கவேண்டும். இலண்டன் தூய தாமசு மருத்துவமனையில் 2012ஆம் ஆண்டில் கினெக்ட் கருவியைக் கொண்டு, கையசைவால் அவர்களே படத்தைத் திருப்பிப் பார்க்கும் முறையைச் செய்து பார்த்தனர். மருத்துவர் கை தூய்மையால் தொடாதது. நம்மவர் கை உப்புநீரால் தொட முடியாதது. கைப்பேசித் திரை விரலின் மின்தன்மையை அறிந்து இயங்குவது. உப்புநீரோ மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஈரக்கையாற் தொட்டால் திரை மயங்கித் தொடாத இடத்தையெல்லாம் தொட்டதாகக் கொள்ளும். பாத்தியில் நிற்கும் பெண், வீட்டிலிருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால், கரையேறிக் கைகழுவித் துடைத்து எடுக்குமுன் அழைப்பு நின்றுவிடுகின்றது. வரப்பில் வைத்த கைப்பேசியை நோக்கி ஒருமுறை கையசைத்தாற் பேசலாம் என்றால், இலண்டன் மருத்துவருக்கு உதவியது இவருக்கும் உதவியதாகும். என் மாணவன் இதனைச் செய்ய முயல்கின்றான். வீட்டுத் திண்ணையில் அது பத்துக்கு ஒன்பது முறை கேட்கின்றது. அளத்திற் சரிபாதிதான், சேறும் உப்பும் அப்பிய கையைப் பலபோது கையென்றே அது கொள்வதில்லை. கன்னத்தைச் சொறிந்தால் அழைப்பை எடுத்துவிடுகின்றது என்ற குறையும் உண்டு.

விரல் குறைந்தவர்க்கு வேறு வழியும் பிறந்துள்ளது. மெட்டா நிறுவனத்தார் 2025ஆம் ஆண்டில் ஒரு காப்பு வெளியிட்டனர். அது கையைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டில் தசைகள் இயங்கும்போது எழும் நுண்ணிய மின்குறியை அறிகின்றது. விலை இன்று நமக்கு எட்டாது.

ஆதலின் இக்கூட்டத்தில் யான் கேட்பது ஒன்றே. இவ்வாண்டு நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து மாணவர்க்குக் கணினி வாங்குவதென்று தீர்மானித்திருக்கின்றீர்கள், நன்று. அதனோடு, உங்கள் கைகளையும் சிறிது நேரம் தாருங்கள். வெடித்த கை, காய்த்த கை, சேறுபடிந்த கை, விரல் குறைந்த கை, முதிர்ந்து நடுங்கும் கை ஆகியவற்றைப் படமெடுத்து, 21 புள்ளிகளையும், இல்லாத இடத்தில் 'இல்லை' என்பதையும் குறித்துத் தொகுக்க ஆறு மாணவர்கள் முன்வந்துள்ளனர். பெயர் எழுதமாட்டார்கள், முகம் எடுக்கமாட்டார்கள், விரும்பாதவரை வற்புறுத்தமாட்டார்கள். கைப்படத்திலிருந்து ரேகையைத் திருடலாமே என்று ஐயுறுவோர்க்கும் விடை உண்டு. அவ்வையம் வீணன்று, செர்மனி நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் பெருவிரல் ரேகையை நிழற்படங்களிலிருந்தே உருவாக்கியதாக 2014ஆம் ஆண்டில் ஒருவர் அறிவித்தார். ஆகவே விரல் நுனிகளை மங்கச்செய்தே படங்களைச் சேர்த்துவைப்பர். "எங்கிட்ட திருட என்ன இருக்கு, அதுதான் உப்பு தின்னுடுச்சே" என்கின்றார் என் தாயார். அவரே முதலில் கை கொடுத்தவர்.

உப்பு வாரும் பருவம் முடிந்தால் கைகள் ஆறத் தொடங்கிவிடும்; தோல் மாறிவிடும். எனவே மழைக்கு முன்னரே இதனைச் செய்யவேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் மாலை நான்கு மணிக்கு மேல், வேலை முடிந்து கரையேறுமிடத்தில் மாணவர்கள் இருப்பர். கையைக் கழுவிக்கொண்டு வரவேண்டா, அப்படியே வாருங்கள்.